பாடங் கேட்டலும் ஏடு பார்த்தலும்

தோற்றுவாய்

மாணாக்கன் ஒருவன் ஆசிரியரை அடைந்து கல்வி பெறுதலைத் தமிழர் 'பாடங் கேட்டல்' என வழங்கினர். நன்னூலாசிரியராகிய பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்திற் பாடங் கேட்கும் முறையைக் கூறுமிடத்துச் செவியை வாயிலாகவும் நெஞ்சைக் கொள்கலனாகவும் வைத்துரைத்தார். கண்ணுக்கு அவர் அங்கே இடங் கொடுத்திலர். இலக்கணக் கல்விக்கே இது பொருந்துமாயின், ஒலியையே உடலாகக் கொண்ட இசைக் கல்விக்கு எத்துணைப் பொருத்தமுடையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மேனாட்டில் நிலைமை வேறு. அங்கே இசை பயில விரும்பும் ஒருவனை நோக்கி முதற்கண் வினவப்படுவது, இசையேட்டைப் படிக்க வல்லையோ என்பதாகும். ஐந்து கோடுகளின் மேல் நிறுத்தப்பட்ட புள்ளிகளைக் கண்ணாற் கண்டு, கண்ட மாத்திரத்தே குரலாலோ கருவியாலோ ஒலிக்கச் செய்யும் ஆற்றல் அங்கே இசைக் கல்வியின் அடிப்படையாகக் கருதப்படுகின்றது.

இவ்விரு நெறிகளுள் எது சிறந்தது என வழக்காடுதல் எளிது. குருகுலம் மறைந்தது, அதனோடு இசையும் மறைந்தது என்பார் ஒரு சாரார். எழுதி வைக்கப்படாத கலை முறைமையற்ற கலை என்பார் மற்றொரு சாரார். இரு சாரார் கூற்றும் முழு உண்மையன்று. ஒவ்வொரு நெறியும் தான் தோன்றிய இசையின் இயல்புக்கு ஏற்ப அமைந்தது. அவ்வியல்பை ஓராது, ஒன்றற்குரிய கருவியை மற்றொன்றன்மேல் ஏற்றும்போதே இடர்ப்பாடு தோன்றுகின்றது. இலங்கையிற் கருநாடக இசை பாடசாலைப் பாடங்களுள் ஒன்றாகவும் பொதுப் பரீட்சைக்குரிய பாடமாகவும் விளங்குதலின், இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டளவில் நிற்பதன்று. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் சிறாரின் செவியையும் குரலையும் பற்றியது.

குருகுல நெறி

தமிழ் நாட்டில் இசைப் பயிற்சி எத்துணைப் பழமையும் ஒழுங்கும் உடையது என்பதற்குச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை சான்றாகும். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அறுவர்க்கும் உரிய தகுதிகளை இளங்கோவடிகள் தனித்தனியே வகுத்துரைக்கின்றார். மாதவி ஐந்து வயதிற் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள் என்பது காப்பியம் தரும் செய்தி. ஆசிரியர் பலர், ஆண்டுகள் பல, மாணாக்கி ஒருத்தி என்பதே அக்காலத்து அளவை.

பிற்காலத்துக் குருகுல வாசமும் இதன் வழிப்பட்டதே. மாணாக்கன் ஆசிரியர் மனையிலேயே உறைந்தான். அவனுக்குக் குறித்த பாட வேளை இல்லை. விடியுமுன் ஆசிரியர் செய்யும் சாதகம் அவன் செவியில் விழும். மாலையில் வேறொரு மாணாக்கனுக்குச் சொல்லும் பாடமும் விழும். இடையில், ஆசிரியர் தம்மையறியாது முணுமுணுக்கும் ஓர் இராகத்தின் சாயலும் விழும். இவ்வாறு அவன் 'கற்ற' நேரத்தினும் 'கேட்ட' நேரமே பன்மடங்கு மிகுதியாயிற்று. அரங்கிலும் அவன் ஆசிரியர் பின்னே தம்புராவுடன் அமர்ந்தான். மெல்லப் பின்பாட்டுப் பாடினான். எந்த இராகத்தின்பின் எந்த இராகம் பொருந்தும், பக்கவாத்தியக்காரருக்கு எவ்விடத்தில் வழி விடல் வேண்டும், அவையின் குறிப்பறிந்து எங்கே நிறுத்தல் வேண்டும் என்பனவெல்லாம் எந்த நூலிலும் எழுதப்படாதவை. அவற்றை அவன் அவ்விடத்தேயே கற்றான்.

இவ்வாறு கைமாறி வருவதே 'பாடாந்தரம்' எனப்பட்டது. தியாகராச சுவாமிகள் (1767–1847) இயற்றிய கீர்த்தனைகள் வாலாசாபேட்டை, உமையாள்புரம், தில்லைத்தானம் என மூன்று சீடர் மரபுகளின் வழியாகப் பெரிதும் பரவின. ஒரே கீர்த்தனை ஒரு மரபிற் சில சங்கதிகளுடனும் மற்றொரு மரபில் வேறு சில சங்கதிகளுடனும் பாடப்படுதலைக் கேட்கலாம். மேனாட்டார் கண்ணுக்கு இது பாடபேதம். திருத்தப்பட வேண்டிய வழு. நம்மவர்க்கோ இது மரபின் உயிர்ப்பு. ஒரு கீர்த்தனையின் உண்மையான வடிவம் யாது என வினவினால், மேனாட்டு அறிஞர் இசைப்புலவனது கையெழுத்தேட்டைக் காட்டுவார். தென்னாட்டு வித்துவானோ தம் குருவின் பெயரைச் சொல்வார்.

முறைமை இல்லையென்பது தவறு

செவிவழிக் கல்வி முறைமையற்றது என்பார் கூற்றைப் படிமுறைப் பாடங்களே மறுக்கும். சரளி வரிசை, சண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம், சுரசதி, வருணம், கீர்த்தனை என ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இவ்வொழுங்கின் தொடக்கப் பாடங்களை வகுத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு. தொடக்கப் பாடங்களுக்கு மாயாமாளவகௌளை இராகம் தெரிந்தெடுக்கப்பட்டமை ஆழ்ந்த நோக்குடையது. அவ்விராகத்தின் முதற் பாதியாகிய ச ரி க ம என்பதன் இடைவெளிகளும், மறு பாதியாகிய ப த நி ச என்பதன் இடைவெளிகளும் ஒரே வகையின. ச–ரி, க–ம, ப–த, நி–ச என்பன நெருங்கிய இணைகள். ரி–க, த–நி என்பன அகன்ற இணைகள். கீழ்ப் பாதியைக் கற்ற குரல் மேற் பாதியையும் தானே பற்றிக்கொள்ளும். நெருக்கமும் அகற்சியும் அடுத்தடுத்து வருதலின் செவி வேறுபாட்டை எளிதில் உணரும். பாடத்தை முதற் காலத்திற் பாடிப் பின் இரட்டித்தும், அதனையும் இரட்டித்தும் மூன்று காலத்திற் பாடுமாறு பயிற்றுதலால் இலயமும் உடன் வளர்கின்றது.

தாளப் பயிற்சியும் அத்தகையதே. தகிட என்றால் மூன்று. தகதிமி என்றால் நான்கு. தகதகிட என்றால் ஐந்து. தகதிமி தகிட என்றால் ஏழு. தகதிமி தகதகிட என்றால் ஒன்பது. எண்ணிக்கையை எண்ணாமலே நாவில் நிறுத்தும் இச் சொற்கட்டு முறை, எண்ணும் எழுத்தும் அறியாச் சிறுவனையும் ஐந்திலும் ஏழிலும் தடையின்றி நடக்கச் செய்யும். தவிலும் மிருதங்கமும் பயில்வோர் கையால் அடிக்குமுன் வாயாற் சொல்லப் பழகுதல் இதன்பொருட்டே. மேனாட்டில் ஐந்து, ஏழு என்னும் அளவுகள் 20ஆம் நூற்றாண்டு வரை அரியனவாகவே நின்றமை ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது.

மேனாட்டு நெறி

ஐரோப்பாவிலும் இசை ஒரு காலத்திற் செவிவழிக் கல்வியாகவே இருந்தது. கிறித்துவ மடங்களிற் பாடுவோர் வழிபாட்டுப் பாடல்களை ஆசிரியர் வாயிலாகவே கேட்டு மனனஞ் செய்தனர். 11ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு ஆரெட்சோ நகரிற் பாடகர்க்குப் பயிற்சி அளித்த குவீதோ என்னும் துறவி இதனை மாற்றினார். கோடுகளின்மீது சுரங்களை நிறுத்தும் முறையை ஒழுங்குபடுத்தியவரும், ஒரு துதிப்பாடலின் அடிதோறும் வரும் முதலசைகளைக் கொண்டு சுரங்களுக்குப் பெயரிட்டவரும் அவரே. நம் ச ரி க ம போல அங்கு வழங்கும் டோ, ரே, மி முதலிய பெயர்களின் தோற்றுவாய் அதுவாகும். பத்தாண்டு முயன்றும் முற்றக் கற்க இயலாத பாடல்களைத் தம் முறையால் ஓராண்டில், மிகினும் ஈராண்டிற் கற்கலாம் என அவர் தம் கடிதமொன்றிற் குறிப்பிட்டார். எழுத்து அங்கே புகுந்தது காலச் சுருக்கத்தை நாடியே என்பது இதனாற் பெறப்படும்.

அதனை நிலைநிறுத்திய காரணம் வேறொன்று. ஐரோப்பிய இசை காலப்போக்கிற் பல குரல்கள் ஒரே வேளையில் வெவ்வேறு சுரங்களைப் பாடும் ஒத்திசைவு நெறியில் வளர்ந்தது. நால்வர் நான்கு வழியிற் பாடி ஓரிடத்தில் இயைய வேண்டுமாயின், ஒவ்வொருவர்க்கும் உரிய பங்கு முன்னரே வரையறுக்கப்படல் வேண்டும். எண்பது பேர் கூடி வாசிக்கும் பல்லியத்தில் இஃது இன்றியமையாததாயிற்று. கருநாடக இசையோ ஒரு சுருதியின்மேல் ஒரே இழையாக ஓடும் இசை. பாடுவோன் நினைத்த மாத்திரத்தே இழையை வளைக்கலாம். வயலின்காரர் அதனைப் பின்தொடர்வார். அங்கே எழுத்து வேண்டப்பட்டமைக்கும் இங்கே வேண்டப்படாமைக்கும் இதுவே காரணமன்றி, ஒருவர் நாகரிகமும் மற்றவர் நாகரிகக் குறைவும் காரணமல்ல.

எழுத்து நிலைபெறவே கல்லூரிகளும் தோன்றின. இத்தாலி நாட்டு நேப்பிள்சு நகரில் அநாதைச் சிறுவரைக் காத்துவந்த இல்லங்கள் இசை பயிற்றும் நிலையங்களாயின. மேனாட்டில் இசைக் கல்லூரியைக் குறிக்கும் 'கொன்சர்வற்றரி' என்னும் பெயர் 'காக்குமிடம்' என்னும் பொருளில் அவற்றினின்றே வந்தது. 1795இற் பாரிசிலும், 1822இல் இலண்டனிலும், 1843இல் இலைப்சிக்கு நகரிலும் பெருங் கல்லூரிகள் நிறுவப்பட்டன. மோசார்ட்டின் தந்தையாகிய இலெயோபோல்டு 1756இல் வயலின் பயிற்சிக்கென ஒரு நூலை வெளியிட்டார். பீத்தோவனின் மாணாக்கராகிய செர்ணி விரற் பயிற்சிக்கென எழுதிய பாடங்கள் இன்றும் பியானோ பயில்வோரால் வாசிக்கப்படுகின்றன. 1889இல் இலண்டனில் இராச இசைக் கல்லூரிகளின் கூட்டுச் சபை தோன்றி, படி வகுத்துப் பரீட்சை நடாத்தும் முறையைப் பல நாடுகளிலும் பரப்பியது. கற்பிப்பவர் ஒருவர், பரீட்சிப்பவர் வேறொருவர் என்னும் பிரிவு இம்முறையின் தனிக் கூறாகும். குருகுலத்தில் ஆசிரியரே நீதிபதி. இங்கோ ஆசிரியரும் ஒருவாறு பரீட்சைக்கு உட்படுகின்றார்.

எழுத்தின் எல்லை

இனி, மேனாட்டு நெறியின் உயிர்நாடியாகிய எழுத்து நம் இசையை எத்துணை தாங்கும் என்பதை நோக்குவாம்.

சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் மேனாட்டாரது முதன்மைச் சுரவரிசையின் சுரத்தானங்களும் ஒன்றே. ஆயினும் பியானோவில் அவ்வேழு கட்டைகளையும் முறையே அழுத்தினாற் சங்கராபரணம் பிறவாது. ரிடபத்திலும் மத்திமத்திலும் தைவதத்திலும் வரும் அசைவுகளே அவ்விராகத்துக்கு முகம் தருகின்றன. முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளுக்கு அமைத்த 'நோட்டுசுர சாகித்தியங்கள்' சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை. அவரே இயற்றிய 'அட்சயலிங்க விபோ' என்னும் கீர்த்தனையும் சங்கராபரணமே. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்போர், ஒரே சுரங்கள் ஒரே புலவர் கையில் இருவேறு உலகங்களைத் தோற்றுவித்தலை உணர்வர். ஏட்டில் எழுதினால் இரண்டும் அவ்வேழு எழுத்துகளே.

தோடி இராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளினும் இவ்வுண்மை புலப்படும். அது சாதாரண காந்தாரம் என்று நூல் கூறும். பைரவியிலும் கரகரப்பிரியாவிலும் வருவதும் சாதாரண காந்தாரமே. ஆயின் தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியில் நில்லாது, கீழுள்ள ரிடபத்தையும் மேலுள்ள மத்திமத்தையும் தொட்டு அசைந்துகொண்டேயிருக்கும். 'க' என்னும் ஓரெழுத்து இவ்வசைவைச் சொல்லாது. அசைவை முன்னரே அறிந்தவனுக்கு அவ்வெழுத்து நினைவூட்டும்; அறியாதவனுக்கு அது பொய்யே உரைக்கும்.

இக்குறையை நீக்க முயன்றோர் உளர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சின்னசாமி முதலியார் கருநாடகக் கீர்த்தனைகளை மேனாட்டுக் கோட்டு முறையில் எழுதி வெளியிட்டார். அவரால் ஊக்கப்பட்ட சுப்பராம தீட்சிதர், எட்டயபுர சமத்தானத்தின் ஆதரவில் 1904இல் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்னும் பெருநூலை வெளியிட்டார். கமகங்களுக்கெனத் தனித்தனி அடையாளங்களை அமைத்து, வழிவழி வந்த பாடாந்தரத்தை அவர் எழுத்தில் இறக்கினார். அந்நூல் இல்லையேல் தீட்சிதர் கீர்த்தனைகள் பலவற்றின் வடிவம் ஐயத்துக்கிடமாயிருக்கும். எனினும் அதனை இன்று பயன்படுத்துவோர், அவ்வடையாளங்களின் பொருளைக் கற்றறிந்த செவியுடையோரே.

கருவியை ஏற்று, நெறியை ஏலாதுவிட்ட மற்றொரு சான்றும் தீட்சிதர் குடும்பத்திலேயே உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் மேனாட்டு வயலினைக் கற்றார். அக்கருவி கருநாடக இசைக்குள் வந்தபோது, கோட்டு முறை அதனுடன் வரவில்லை. நின்று தோளில் ஏந்தப்பட்ட கருவி, அமர்ந்து பாதத்தில் ஊன்றப்பட்டது. தந்திகளின் சுருதி ச ப ச ப என மாற்றப்பட்டது. கட்டைகளும் மெட்டுகளும் இல்லாத அதன் கழுத்தில் விரல் தடையின்றி வழுக்குதலால், கமகம் தங்குதற்கு அஃது இடங்கொடுத்தது. ஆர்மோனியத்தின் கதை இதற்கு மறுதலை. அதன் கட்டைகள் சுரத்தைப் புள்ளியாக நிறுத்துவனவன்றி அசைக்க வல்லன அல்ல. 1940 தொடங்கி 1971 வரை அகில இந்திய வானொலி அதனை விலக்கி வைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மரபறுதலின் விளைவு

எழுத்து மாத்திரம் எஞ்சி ஓசை அறுமாயின் யாது நேரும் என்பதைத் தமிழர் இருமுறை கண்டுள்ளனர்.

முதலாவது, திருமுறை கண்ட வரலாறு. தில்லையிற் செல்லரித்துக் கிடந்த ஏடுகளை நம்பியாண்டார் நம்பி வெளிக்கொணர்ந்தபோது பாடல்கள் கிடைத்தன, பண் கிடைத்திலது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியைத் திருவெருக்கத்தம்புலியூரிற் கண்டு, அவள் வாயிலாகவே பண்ணடைவு பெறப்பட்டதெனத் திருமுறை கண்ட புராணம் கூறும். புராணத்தின் ஏனைய செய்திகள் எவ்வாறாயினும், அதனுட் பொதிந்த கருத்துத் தெளிவானது. சொல் ஏட்டில் இருந்தது. இசையோ ஒரு பெண்ணின் தொண்டையில் இருந்தது.

இரண்டாவது, யாழ். சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் யாழைப் பற்றி மிக விரிவாகக் கூறுகின்றன. ஆயினும் யாழ் வாசிக்கும் மரபு அற்றொழிந்தது. மட்டக்களப்பிற் பிறந்த விபுலானந்த அடிகளார், கணிதத்தையும் இலக்கியத்தையும் துணைக்கொண்டு பல்லாண்டு முயன்று, நரம்புகளின் அளவுகளைக் கணித்து 'யாழ் நூல்' இயற்றினார். 1947ஆம் ஆண்டில் அது திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அடிகளாரும் மறைந்தார். ஈழம் தந்த ஆராய்ச்சி நூல்களுள் அது தலைசிறந்தது. அத்தகைய பேரறிஞராலும் அளவைத்தான் மீட்க முடிந்தது. யாழாசிரியன் மாதவிக்கு விரல் பிடித்துக் காட்டிய அந்தப் பயிற்சியை மீட்க எவராலும் இயலாது. ஒரு தலைமுறை கேளாதுவிட்டால், அடுத்த தலைமுறைக்கு எஞ்சுவது உரையாசிரியரின் விளக்கமே.

மேனாட்டிற் செவியின் இடம்

மேனாட்டு நெறி முழுவதும் கண்வழிப்பட்டதே எனக் கொள்ளுதலும் பிழையாகும். யொகான் செபாசுதியன் பாக் (1685–1750) அரங்கில் அமர்ந்த அளவிற் புதிது புனைந்து வாசிப்பதிற் பெரும்புகழ் பெற்றவர். தம் மூத்த மகனுக்கென 1720இல் அவர் ஒரு பயிற்சிக் கையேட்டைத் தொடங்கினார்; வீடே அங்கே குருகுலமாயிற்று. மோசார்ட்டும் பீத்தோவனும் தம் வாசிப்பின் இடையே கற்பனையை விரித்துரைக்க வல்லவராயிருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் அச்சேடும் கல்லூரியும் பெருகப் பெருக, அவ்வாற்றல் பெரும்பாலும் ஆலய உறுப்பிசைக்காரர் சிலரோடு ஒடுங்கியது. எழுத்துக் கல்வி எதைத் தரும், எதைக் கொள்ளும் என்பதற்கு மேனாட்டு வரலாறே சான்று.

இழந்ததை உணர்ந்தோரும் அங்கே தோன்றினர். அங்கேரி நாட்டுக் கோடாய் (1882–1967), சிறுவர் கருவியைத் தொடுமுன் பாடப் பழகவேண்டும் என்றார். சுரப்பெயர்களையும் கைச் சைகைகளையும் பயன்படுத்தும் முறை அவர் வழியாகப் பரவியது. யப்பானியராகிய சுசூக்கி (1898–1998), குழந்தை தாய்மொழியைக் கற்கும் வழியே இசைக்கும் உரியது எனக் கண்டார். எழுத்தறிந்தபின் பேசத் தொடங்கும் குழந்தை எங்கும் இல்லை. ஆதலின், அவர் முறையிற் குழந்தை முதலில் ஒலிப்பதிவைப் பலகாற் கேட்கும். தாயோ தந்தையோ உடனிருப்பர். ஏடு படித்தல் பின்னரே வரும். மேனாட்டுக் கருவியைப் பயிற்றுதற்கு மேனாட்டார் இன்று ஏற்றுக்கொண்ட இம்முறை, நம் முன்னோர் பாடங் கேட்ட முறைக்கு மிக அணித்தாக நிற்கின்றது.

குருகுலத்தின் மறுபக்கம்

குருகுலத்தைப் போற்றுவோர் அதன் குறைகளை மறைத்தல் ஆகாது. ஆசிரியர் மனமுவந்தாலன்றிப் பாடம் கிடையாது. நீர் சுமந்தும் ஏவல் செய்தும் ஆண்டுகள் கழித்து, சில கீர்த்தனைகளுடன் மீண்டோரும் உளர். ஐயம் எழின் வினவுதல் அடக்கமின்மை எனக் கருதப்பட்டது. குலமும் பாலும் வாயிலில் நின்றன. கோயிலோடு இயைந்த நாதசுரமும் தவிலும் குறித்த குடும்பங்களுக்கே உரியனவாயின. பிற குடும்பத்துப் பெண்கள் பொது அரங்கிற் பாடுதல் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இழுக்கெனக் கருதப்பட்டது. பின்னர்ப் பெருமை எய்திய டி. கே. பட்டம்மாள் (1919–2009) முறையான குருகுல வாசம் இன்றிப் பெரிதும் கேள்வியறிவால் வளர்ந்தவர் என்பதும் நினைக்கத் தக்கது.

கல்லூரி முறை இவ்வாயில்களைத் திறந்தது. 1928இற் சென்னைச் சங்கீத வித்துவ சபை நிறுவப்பட்டது. 1929இற் சிதம்பரத்தில் அண்ணாமலை அரசரின் இசைக் கல்லூரி தோன்றியது. 1949இற் சென்னையில் அரசினர் இசைக் கல்லூரி முசிரி சுப்பிரமணிய ஐயரைத் தலைவராகக் கொண்டு தொடங்கியது. கட்டணமும் பாடத்திட்டமும் பரீட்சையும் வெளிப்படையாயின. யார் மகன், யார் மகள் என்னும் வினா பின்னுக்குத் தள்ளப்பட்டது. இஃது இசை உலகிற்குக் கல்லூரி செய்த பேருதவியாகும். குருகுலத்தின் சிறப்புகளை எண்ணும்போதும் இதனை மறத்தல் கூடாது.

ஈழத்து நிலை

ஈழத்திலும் இரு நெறிகளும் அருகருகே வளர்ந்தன. அளவெட்டி, இணுவில் முதலிய ஊர்களில் நாதசுரமும் தவிலும் தந்தை மைந்தனுக்கு உரைக்கும் மரபாகவே செழித்தன. உலகறிந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) அம்மரபின் விளைவு. மறுபுறம், 1931இற் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரந்தரமாகப் பரீட்சை வகுத்து, ஊர்தோறும் இசைப் பயிற்சி பரவ வழிசெய்தது. 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி நிறுவப்பட்டது. மகாராசபுரம் சந்தானம் போன்ற முன்னணி வித்துவான் அதன் அதிபராக அமர்ந்து கற்பித்தமையால், கல்லூரிக்குள்ளே குருகுலத்தின் சாயலும் புகுந்தது. 1975இல் அக்கல்லூரி பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. மட்டக்களப்பில் 1982இற் தொடங்கிய விபுலானந்த இசை நடனக் கல்லூரியும் பின்னர்ப் பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று.

இத்துணையும் பெற்றபின், குறை எங்கே உளது? வகுப்பறையில் உளது. நாற்பது நிமிடப் பாடவேளை, முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், ஒரே ஆசிரியர். இந்நிலையில் கரும்பலகையில் சுரங்களை எழுதிக் கொப்பியிற் பார்த்தெழுதச் செய்தலே எளிதாகின்றது. இராக இலட்சணம் மனனம் செய்யப்படுகின்றது. ஆரோகணம் அவரோகணம் பிழையின்றி எழுதப்படுகின்றன. மோகனத்தின் இலட்சணத்தை முழுப் புள்ளி பெறுமாறு எழுதிய மாணாக்கி, தெருவிற் கேட்கும் பாட்டு மோகனமென அறியாது கடந்து செல்கின்றாள். தரம் பல கடந்தோருள்ளும் கொப்பியை மூடினாற் பாட்டும் மூடிக்கொள்வோர் உளர். கற்பனைச் சுரத்தையும் எழுதி மனனஞ் செய்து பாடும் வழக்கம் பெருகுதல் இதன் முதிர்ந்த நிலை. கற்பனை என்னும் பெயர் எஞ்சிற்று, கற்பனை எஞ்சவில்லை.

இதற்கு மேனாட்டு முறையைக் குறைகூறுதல் பொருந்தாது. மேனாட்டு மாணாக்கன் ஏட்டைப் பார்த்த மாத்திரத்தே அறியாத பாடலையும் வாசிக்கப் பழகுகின்றான். அவ்வாற்றல் நம் பிள்ளைக்கு வரவில்லை. குருகுல மாணாக்கன் ஏடின்றியே இராகத்தை விரிக்கப் பழகினான், அவ்வாற்றலும் வரவில்லை. ஒன்றன் எழுத்தை எடுத்து அதன் வாசிப்புப் பயிற்சியை விட்டோம். மற்றொன்றன் பாடலை எடுத்து அதன் கேள்விப் பயிற்சியை விட்டோம். இரு நெறியின் பயனும் இழந்த இடைநிலை இது.

செய்யத்தக்கன

குருகுலம் இனி மீளாது. ஆயினும் அதன் உட்பொருளை வகுப்பறைக்குட் கொணர்தல் இயலாததன்று.

முதலாவதாக, கேட்டல் முன்னும் எழுதல் பின்னும் நிகழ வேண்டும். பிள்ளைகள் வாயிற் பாடல் நிலைபெற்ற பின்னரே கொப்பி திறக்கப்படல் வேண்டும். அப்போது எழுத்து, வந்த விருந்தினருக்குப் பெயர் எழுதுவது போல, அறிந்ததைக் குறிக்கும் கருவியாகும். இரண்டாவதாக, பாடவேளை முழுதும் சுருதி ஒலித்துக்கொண்டிருத்தல் வேண்டும். தம்புராவோ சுருதிப்பெட்டியோ இல்லாத வகுப்பு, நிலமில்லாத வயல். மூன்றாவதாக, ஆசிரியர் பாடத்தைப் பாடுவதோடு அமையாது, தமக்காகவும் சில நிமிடம் பாடுதல் வேண்டும். குருகுல மாணாக்கன் பெற்ற அரும்பொருள் அதுவே. நான்காவதாக, இரண்டு சுரத்தை மாத்திரம் கொடுத்து அவற்றிற்குள் விளையாடுமாறு பிள்ளைகளை விடுதல் வேண்டும். பிழை நேரும், நேரட்டும். குழந்தை மழலை பேசாது மொழி கற்பதில்லை.

கிராமபோன் தட்டிலிருந்து கைத்தொலைபேசி வரை வந்த ஒலிப்பதிவுக் கருவிகள் பெருந்துணையாகும். முற்காலத்து மாணாக்கன் ஒரு வித்துவானை ஆண்டில் ஒருமுறை கேட்டான். இக்காலத்து மாணாக்கன் நாள்தோறும் கேட்கலாம். புலம்பெயர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் கணினித் திரையின் வாயிலாக யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் உள்ள ஆசிரியர்களிடம் பயில்கின்றனர். தூரம் நீங்கியது நன்றே. எனினும் திரை வழியே ஒலி சிறிது தாமதித்து வருதலின், ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே தாளத்தில் இணைந்து பாடுதல் அங்கே அரிதாகின்றது. கூடிப் பாடுதலே குருகுலத்தின் நடுநாடி. அதற்கு நேரிற் சந்திக்கும் நாட்களும் வேண்டும். ஒலிப்பதிவு பாடும், பிள்ளையின் பிழையைக் கேட்டுத் திருத்தாது. கேட்கும் செவி ஆசிரியருக்கும் வேண்டும் என்பதே பாடங் கேட்டலின் மற்றொரு பாதி.

முடிவுரை

ஆசிரியர் கூறியதை முற்றக் கொண்டாலும் புலமையிற் காற்பங்கே நிரம்பும் எனவும், உடன் பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு நிரம்பும் எனவும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கு நிரம்பும் எனவும் நன்னூலார் கணக்கிட்டார். இசைக்கும் இக்கணக்கு அப்படியே பொருந்தும். குருகுலம் முதற் காற்பங்கைச் செம்மையாகத் தந்தது. கல்லூரி, உடன் பயில்வோர் கூட்டத்தைத் தந்தது. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர் முன் பாடுதலில் உள்ளது. கோயில் விழாவிலும், பாடசாலைக் காலைக் கூட்டத்திலும், வீட்டு முற்றத்திலும் அதற்கு இடமுண்டு.

ஆண்டிறுதியிற் பிள்ளை கொண்டுவரும் சான்றிதழைப் பெற்றோர் வாங்கிப் பார்த்து மகிழ்வது இயல்பே. பார்த்தபின் அதனை மடித்து வைத்துவிட்டு, ஒரு பாட்டைப் பாடு எனப் பிள்ளையைக் கேட்பாராயின், இரு நெறியுள் எதன் வழியாக வந்ததாயினும் அக்கல்வி நிறைந்ததோ குறைந்ததோ என்பது அப்பொழுதே தெளிவாகும்.